விண்டோஸ் 11 லேப்டாப்பில் வானியல் கேமரா இணையவில்லை – உதவி தேவை

மொட்டைமாடி_வானம் – ஜனவரி 9, 2026, மாலை 6:50

வணக்கம். நாளை வியாழன் எதிர்நிலைக்கு, அதாவது பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்துக்கு, வருகிறது. தவறவிட்டால் இன்னும் 13 மாதம் காத்திருக்க வேண்டும். கேமராவோ இரண்டு நாளாக லேப்டாப்பில் இணையவே மாட்டேன் என்கிறது.

6 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி, அதைத் தாங்கி நகர்த்தும் மோட்டார் மவுண்ட், ஐஎம்எக்ஸ்462 சென்சார் வைத்த யுஎஸ்பி 3.0 கலர் கேமரா. போன வருஷம் பழைய விண்டோஸ் 10 லேப்டாப்பில் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. போன மாதம் விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கினேன். இதில் செருகினால் சத்தம் வருகிறது, ஆனால் படம்பிடிக்கும் மென்பொருளான ஷார்ப்கேப்பில் கேமராப் பட்டியல் காலி. கேமராவோடு வந்த சிடியிலிருந்து எடுத்து வைத்திருந்த டிரைவரை (கேமராவை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) மூன்று முறை நீக்கித் திரும்பப் போட்டுவிட்டேன். பழைய லேப்டாப் ஹாஸ்டலில் தங்கையிடம் இருப்பதால் அதில் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. கேமராவே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு வருஷம் காசு சேர்த்து வாங்கியது.

அறுமீன் – மாலை 7:05

எனக்கும் விண்டோஸ் 11 மாறியபோது இதே கதைதான். விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் என்ற பகுதிக்குள் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒன்று இருக்கும். அது பழைய டிரைவர்களை ஏற விடாது. உங்களுக்கும் அதுதான் என்று நினைக்கிறேன்.

வடமீன் – மாலை 7:20

இருக்கலாம், ஆனால் அதற்குள் எதையும் மாற்ற வேண்டாம் தம்பி. விண்டோஸில் சாதனங்களின் பட்டியலைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேமராவைச் செருகுங்கள். புதிதாக என்ன பெயர் வருகிறது, மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா, அதை இரண்டு முறை சொடுக்கினால் என்ன கோட் காட்டுகிறது? அந்த எண் தெரியாமல் நாம் சொல்வதெல்லாம் குருட்டாம்போக்குதான். அப்புறம், கேமராவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் என்னென்ன இருக்கின்றன என்பதையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

மொட்டைமாடி_வானம் – மாலை 7:35

'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ், டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரெக்வெஸ்ட் ஃபெயில்டு' என்று வருகிறது. கோட் 43.

நடுவில் இருப்பவை: கேமராவோடு வந்த 2 மீட்டர் கேபிள், அதில் 3 மீட்டர் எக்ஸ்டென்ஷன், லேப்டாப்பில் டைப்-சி போர்ட் மட்டும் இருப்பதால் அதைப் பல போர்ட்டாகப் பிரிக்கும் ஒரு சிறிய ஹப். மவுஸ், பென்டிரைவ், மவுண்ட் கேபிள் எல்லாம் அதே ஹப்பில்தான். மார்கழிப் பனிக்குப் பயந்து லேப்டாப்பை மாடிப்படி அறைக்குள் வைத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளம்.

வடமீன் – மாலை 7:55

சரி, இப்போது பிடி கிடைத்துவிட்டது.

செருகியதும் கணினி முதலில் 'நீ யார்' என்று கேட்கும். கேமரா தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் சொல்ல வேண்டும். அந்த எண்களைப் பார்த்துத்தான் விண்டோஸ் எந்த டிரைவரை ஏற்றுவது என்றே முடிவு செய்கிறது. உங்களுக்கு வரும் செய்தி, கேள்விக்குப் பதிலே வரவில்லை என்கிறது. டிரைவருக்கு இன்னும் வேலையே வரவில்லை. மூன்று முறை அல்ல, முப்பது முறை போட்டாலும் இந்தக் கட்டம் தாண்டாது. டிரைவரே இல்லாவிட்டால் கோட் 28 வந்திருக்கும்.

பதில் வராததற்குப் பெரும்பாலும் வழியிலுள்ள கேபிள், ஹப், மின்சாரம்தான் காரணம். யுஎஸ்பி 3-க்கு நடைமுறையில் 3 மீட்டர்தான் நம்பிக்கையான நீளம், நீங்கள் 5 மீட்டர் போட்டிருக்கிறீர்கள், நடுவில் ஒரு இணைப்பு வேறு. யுஎஸ்பி 3 போர்ட் தருவது 900 மில்லிஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஹப் அதைத்தான் மவுஸ், பென்டிரைவ், கேமரா எல்லாவற்றுக்கும் பங்கு போடுகிறது. நீளக் கேபிளில் வோல்டேஜும் இறங்கும்.

கேமராவைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். எக்ஸ்டென்ஷன், ஹப் எதுவும் வேண்டாம். சாதா டைப்-சி மாற்றி ஒன்று இருந்தால் 2 மீட்டர் கேபிளை நேராகச் செருகிப் பாருங்கள். பக்கத்தில் யாரிடமாவது டெஸ்க்டாப் இருந்தால் அதன் பின்பக்கப் போர்ட் இன்னும் நல்லது. சார்ஜ் ஏற்ற மட்டும் வரும் கேபிள்களைத் தொட வேண்டாம், சிலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது.

மொட்டைமாடி_வானம் – இரவு 9:10

அண்ணா, கேமரா உயிரோடு இருக்கிறது! நேராகச் செருகியதும் அதன் பெயரே வந்துவிட்டது. ஆனால் மஞ்சள் முக்கோணம் இன்னும் இருக்கிறது, இப்போது கோட் 39. ஷார்ப்கேப் பட்டியலும் காலிதான்.

வடமீன் – இரவு 9:20

நல்ல செய்திதான். பெயர் வந்துவிட்டதால் கேபிள், மின்சாரம் எல்லாம் தாண்டியாயிற்று. 39 என்றால் டிரைவரை ஏற்ற முடியவில்லை என்று பொருள். இப்போதுதான் அறுமீன் சொன்னதற்கு நேரம் வந்திருக்கிறது. உங்களுக்கு ஒரே சமயத்தில் இரண்டு கோளாறு. முதலாவது இரண்டாவதை மறைத்துக்கொண்டிருந்ததால்தான் எதைச் செய்தாலும் பலனில்லாத மாதிரி தெரிந்தது.

அறுமீன் – இரவு 9:30

மெமரி இன்டெக்ரிட்டி இருக்கும் இடத்திலேயே பொருந்தாத டிரைவர்களின் பட்டியலும் இருக்கும், பாருங்கள். ஒன்று சொல்கிறேன், அதை அணைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். அது வைரஸிலிருந்து கணினியைக் காக்கும் பூட்டு. சிடி டிரைவரை முழுவதும் நீக்கிவிட்டு, தயாரிப்பாளரின் தளத்தில் இப்போது இருக்கும் புதிய டிரைவரைப் போடுங்கள். போடும்போது கேமரா செருகியிருக்கக் கூடாது. முடிந்ததும் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டுச் செருகுங்கள்.

மொட்டைமாடி_வானம் – இரவு 10:15

வந்துவிட்டது! பட்டியலில் இருந்தது அந்தப் பழைய டிரைவரேதான். புதியதைப் போட்டதும் முக்கோணம் போய்விட்டது. ஷார்ப்கேப்பில் அறையின் ட்யூப்லைட் மங்கலாகத் தெரிகிறது. இரண்டு பேருக்கும் நன்றி.

ஒரே ஒரு சந்தேகம். முழு அளவில் நொடிக்கு 19 ஃபிரேம்தான் வருகிறது. போன வருஷம் 100-க்கு மேல் வந்ததாக நினைவு.

வடமீன் – இரவு 10:30

யுஎஸ்பி 2 வேகத்தில் இணைந்திருக்கிறது. முழு ஃபிரேம் ஒன்று 8 பிட்டில் சுமார் 2 எம்பி. யுஎஸ்பி 2-ல் உண்மையில் நொடிக்கு 40 எம்பி போனால் பெரிது. வகுத்துப் பாருங்கள், கணக்கு உங்கள் 19-ல்தான் வந்து நிற்கும்.

கேமரா பக்கத்துச் சதுரப் பிளக்கைக் கவனியுங்கள். யுஎஸ்பி 3-ல் அது இரண்டு அடுக்கு. கீழடுக்கில் பழைய நான்கு ஊசிகள், மேலே குட்டி மாடி மாதிரி இன்னும் ஐந்து. கீழே தொட்டு மேலே தொடாவிட்டால் யுஎஸ்பி 2-ஆகவே ஓடும். அழுத்திச் செருகிப் பாருங்கள். அந்த டைப்-சி மாற்றியும் யுஎஸ்பி 3-தானா என்று பாருங்கள், விலை மலிந்தவை பல யுஎஸ்பி 2 மட்டும்தான்.

எதுவும் சரிவராவிட்டாலும் நாளை இரவு வீணாகாது. பிம்பத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸோடுகூட உங்கள் தொலைநோக்கியில் வியாழன் படத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் பிடிக்கும். படப்பரப்பை 640×480 ஆகக் குறைத்தால் யுஎஸ்பி 2-லேயே நொடிக்கு 100-க்கு மேல் எடுக்கலாம். எக்ஸ்போஷர் 8 மில்லிவினாடி போதும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால், படம் கலங்காமலிருக்க ஒரு வீடியோ இரண்டு, மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

மொட்டைமாடி_வானம் – ஜனவரி 11, அதிகாலை 1:40

கை விறைத்துப்போய்த் தட்டச்சு செய்கிறேன். மாற்றி யுஎஸ்பி 2-தான், அதனால் 640×480-ல் எடுத்தேன். லேப்டாப்பை தொலைநோக்கியின் அடியிலேயே ஸ்டூலில் வைத்து, மேலே ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் பனியைத் தடுத்தேன்.

பதினொன்றரைக்கு ஒருமுறை கேமரா காணாமல் போனது. வியாழன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்திருந்தது. குழல் நிமிரும்போது கேபிள் தன் பாரத்தில் தொங்கி, பிளக்கைச் சாய்த்து வெளியே இழுத்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு நெல் அகலத்துக்கு இடைவெளி தெரிந்தது. கேபிளை ஒரு சின்ன வளையம் விட்டுக் குழலோடு வெல்க்ரோ பட்டையால் கட்டினேன். அதன்பின் ஒரு ஃபிரேம்கூட விடவில்லை.

இரண்டு நிமிட வீடியோக்கள் ஏழு இருக்கின்றன. முதலாவதன் ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கிப் பார்த்தேன், வியாழனின் நடுவிலுள்ள இரண்டு மேகப் பட்டைகளும் பிரிந்து தெரிகின்றன. அம்மாவை எழுப்பிக் காட்டிவிட்டேன்.