லாக்புக்கிற்கு 'பறப்பேடு': என் பக்க நியாயம்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். விமானிகள் தாங்கள் பறந்த மணிக்கணக்கை எழுதிவைக்கும் லாக்புக்கிற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஐந்து சொற்கள் வந்தன: விமானப் பதிவேடு, பறப்புக் குறிப்பேடு, வானோடி நாட்குறிப்பு, வலவன் ஏடு, பறப்பேடு. மின் வடிவத்துக்கு முன்னால் 'மின்' சேர்த்தால் போதும் என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. நான் 'பறப்பேடு' பக்கம் நிற்கிறேன். கேள்வி எங்கள் வீட்டில் எப்படிக் கிளம்பியது என்று சொன்னால்தான் காரணம் விளங்கும்.

அக்கா மகன் வடக்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் படிக்கிறான். வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் அவனே பொறுப்பு விமானியாக ஓட்டியிருக்க வேண்டும். இத்தனையையும் வரிவரியாக எழுதிக் காட்டினால்தான் உரிமம். லீவுக்கு வந்தவன் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, "மாமா, லாக்புக்குக்கு எந்த சாஃப்ட்வேர் எடுக்கலாம்?" என்று கேட்டான். அதுவரை காகித லாக்புக்கில் எழுதிவிட்டு, எக்செல்லில் ஒரு நகல் போட்டு வந்திருக்கிறான்.

அந்த எக்செல் தாளின் முதல் பக்கத்திலேயே கூட்டல் இடித்தது. ஒரு மணி இருபது நிமிடத்தை 1.20 என்று எழுதியிருந்தான். அப்படி அடுத்தடுத்து மூன்று வரி. நான்கு மணி நேரம் வர வேண்டிய இடத்தில் 3.60 என்று வந்திருந்தது. அதைப் பதின்மக் கணக்கில், அதாவது தசமப் புள்ளியாகப் படித்தால் 3 மணி 36 நிமிடம். மூன்றே வரியில் 24 நிமிடம் காணாமல் போயிருந்தது. காகிதத்தில் சரியாக இருந்ததால் தப்பித்தான். ஒரு மணி நேரப் பயிற்சிப் பறப்புக்கு அவன் அப்பா எத்தனை தடவை கடலுக்குப் போய்வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். 24 நிமிடம் என்றால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அவன் அப்பா, என் மச்சான், பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "இதுல என்னத்தப்பா எழுதுறீக?" என்றார். "லாக்புக்ப்பா" என்றான் பையன். நான் நடுவில் புகுந்து, "ஒரு மாதிரிப் பதிவேடு மச்சான்" என்றேன். "ஆபீஸ்ல கையெழுத்துப் போடுற நோட்டா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல முடிந்தது. வேறு என்ன என்று ஒரு சொல்லில் சொல்ல முடியவில்லை. அன்று இரவுதான் உங்களுக்கு எழுதினேன்.

பதிவேடு என்றாலே நம் ஆட்களுக்கு அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது. வருகைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு. அது ஓர் இடத்தில் இருக்கும். நாம் அங்கே போய்ப் பதிய வேண்டும். லாக்புக் அப்படியில்லை. விமானி எங்கே போனாலும் கூடவே போவது, அவரே தன் கையால் எழுதுவது. அதோடு 'விமானப் பதிவேடு' என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விமானத்துக்கே தனியாக ஏடுகள் உண்டு: உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, அது போய்வந்த பயணங்களுக்கு ஒன்று. விமானம் கைமாறினால் அவையும் சேர்ந்து மாறும். ஆளின் ஏட்டுக்கு விமானத்தின் பெயரை வைத்தால் இரண்டும் குழம்பும். மச்சான் கேட்டிருந்தால் படகுக்கு ஒரு அட்டை, ஆளுக்கு ஒரு அட்டை என்று அவரே பிரித்துச் சொல்லியிருப்பார்.

குறிப்பேடு நல்ல சொல்தான். ஆனால் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் குறிப்பேடு என்றால் ஜர்னல், பேரேடு என்றால் லெட்ஜர் என்று சொல்லும். அந்தச் சொல்லுக்கு வேலை ஏற்கெனவே இருக்கிறது. அப்புறம், 'குறிப்பு' என்றால் விரும்பினால் எழுதலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற தொனி வருகிறது. நாட்குறிப்புக்கும் அதுவே. லாக்புக்கில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மொத்தம் போட்டு அடுத்த பக்கத் தலையில் கொண்டுபோய் எழுத வேண்டும். பயிற்றுநர் கையெழுத்து வேண்டும். பொய்யாக ஒரு வரி எழுதினால் உரிமத்துக்கே ஆபத்து. இது கணக்கு, டைரி அல்ல.

'வலவன் ஏடு' அனுப்பிய மதுரை நண்பருக்குத் தனியாக நன்றி. புறநானூற்றின் 27ஆம் பாட்டில் வரும் 'வலவன் ஏவா வான ஊர்தி' (ஓட்டுபவர் செலுத்தாத வான ஊர்தி) எனக்கும் மிகவும் பிடித்த தொடர். ஆளில்லா விமானத்தைப் பற்றி எழுதும்போது நானே பயன்படுத்துவேன். ஆனால் இது நான் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தயாரிக்கும் கையேட்டில் வரப்போகும் ஒரு படிவத்தின் தலைப்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணும், அவளுக்காகக் கடன் வாங்கிய அப்பாவும் பார்த்தவுடன் படிக்க வேண்டும். வலவன் என்ற சொல்லுக்கே ஒரு விளக்கம் போட வேண்டியிருந்தால் ஏடு நிற்காது.

பறப்பேடு என்றால் பறப்பு ஒன்று, ஏடு ஒன்று. இரண்டும் தெரிந்த சொற்கள். பேரேடு, குறிப்பேடு என்ற வரிசையில் இது தானாக வந்து உட்கார்கிறது. 'ஏட்டில் ஏற்று' என்ற வினை கணக்கு எழுதுபவர்களிடம் பழகியது. 'லாக் பண்ணு' என்பதற்கு அதுவே போதும். "நேற்றுப் பறந்ததை ஏற்றிவிட்டாயா?" என்று பையனைக் கேட்டுப் பார்த்தேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் "ஏத்திட்டேன் மாமா" என்றான்.

பறப்பு என்றால் எங்கள் பக்கம் அவசரம் என்றும் பொருள் உண்டே என்று காரைக்குடி அம்மா எழுதியிருந்தார்கள். உண்மைதான், "ஏன்டா இந்தப் பறப்புப் பறக்குற" என்று என் அம்மாவும் திட்டுவார். ஆனால் ஏடு என்று ஒட்டிய பிறகு அந்தப் பொருள் எழவில்லை. வீட்டில் நான்கு பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை எழுப்பியவர் மச்சான்தான். "எதுல இருந்துப்பா கணக்கு? மேல ஏறுனதுல இருந்தா?" என்றார். இல்லை. விமானம் புறப்படுவதற்காக முதலில் நகரும் நொடியில் தொடங்கி, இறங்கி வந்து கடைசியாக நிற்கும் நொடி வரை உள்ளது மொத்தமும் பறப்பு நேரம். ஓடுபாதை வரை உருண்டுபோவது, வரிசையில் காத்திருப்பது எல்லாமே இதில் சேரும். வானில் இருந்த நேரம் இதைவிடக் குறைவு. பையன் இதை விளக்கியதும் மச்சான், "அப்ப எங்களுக்குக் கயித்த அவுத்ததுல இருந்து திரும்ப வந்து கட்டுற வரைக்கும்ங்கிற மாதிரி. வலை போடுற நேரம் வேற" என்றார்.

எனக்கு அந்த இடத்தில்தான் வெளிச்சம் கிடைத்தது. விமானிகள் இந்த இரண்டு முனைகளையும் பிளாக் ஆஃப், பிளாக் ஆன் என்கிறார்கள். நிற்கும் விமானம் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பார்கள். மேட்டில் லாரியை நிறுத்தினால் நாம் செய்வதுதான். அந்தக் கட்டையை எடுத்த நேரம், திரும்ப வைத்த நேரம் என்பதே அந்தச் சொற்களின் வேர். ஆகவே 'கட்டை எடுப்பு', 'கட்டை வைப்பு', இரண்டுக்கும் இடைப்பட்டது 'கட்டை நேரம்' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. சக்கரம் தரையை விட்டதும் திரும்பத் தொட்டதும் 'தரை விடல்', 'தரை தொடல்'. நான்கு கட்டமும் படிவத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பறப்பு என்ற சொல்லால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாக் என்ற சொல்லே ஒரு மரக்கட்டைதான். அந்தக் காலத்து மாலுமிகள் ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்னால் கடலில் போடுவார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 நொடி மணற்கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடியது என்று எண்ணினால் கப்பலின் வேகம் கிடைத்துவிடும். அதை எழுதிய புத்தகம் லாக்புக் ஆனது. முடிச்சு நாட் ஆனது. இன்றைக்கும் விமானத்தின் வேகம் நாட் கணக்கில்தான், ஒரு நாட் என்றால் மணிக்கு 1852 மீட்டர். மச்சான் படகின் ஜிபிஎஸ் திரையிலும் அதே நாட் ஓடுகிறது. அப்பாவும் மகனும் ஒரே அலகில் வேகம் பேசுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரிந்தது. இரண்டு பேருக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

இனி மென்பொருள். 'மின்பறப்பேடு' என்று நாம் பெயர் வைக்கப்போகும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மேலே சொன்ன எக்செல் தாளே பாடம். மணியையும் நிமிடத்தையும் தனித்தனியாக வாங்கிக்கொண்டு தானே கூட்ட வேண்டும். உள்ளே பதின்மத்தில் வைத்து ஒரே இலக்கத்துக்குச் சுருக்குகிற மென்பொருள் என்றால் 1:20 என்பது 1.3 ஆகி, அப்படிப்பட்ட ஒவ்வொரு வரியிலும் இரண்டு நிமிடம் கழியும்.

அடுத்தது யூடிசி, அதாவது உலகம் முழுவதற்கும் பொதுவான நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. விடியற்காலை 5:10க்குக் கட்டை எடுத்தால் ஏட்டில் முந்தின நாள் 23:40 என்று விழ வேண்டும். தேதியும் ஒரு நாள் பின்னால் போகும். பையனின் தாளில் நேரத்தை மாற்றியவன் தேதியை மாற்றவில்லை. இரண்டு வரிகள் ஒரே நாளில் வந்து குழம்பியிருந்தன. எந்த நேரத்தில் எழுதுகிறோம் என்று தலைப்பிலேயே தெரிய வேண்டும். அதனால் 'நேரம்' என்று மொட்டையாக விடாமல் 'உலக நேரம்', 'இந்திய நேரம்' என்று போடச் சொல்கிறேன்.

கிடைக்கும் மென்பொருள்களில் லாக்டென் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும். பையனிடம் இருப்பது ஆண்ட்ராய்டு. மைஃபிளைட்புக் இலவசம், நிமிடக் கணக்கும் உண்டு, எழுதியதை மொத்தமாக வெளியே எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி விஷயத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். இப்போதைக்கு அதில்தான் ஏற்றுகிறான். எப்படியும் உரிமம் வழங்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் இ-ஜிசிஏ இணையதளத்தில் மணிக்கணக்கைக் காட்டியாக வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து உரிமமே கைப்பேசியில் மின் வடிவில் வரத் தொடங்கிவிட்டது. நாளைக்கு இவன் வேறு மென்பொருளுக்கு மாறினாலும் ஏடு இவனுடையதாக இருக்க வேண்டும். காகித ஏட்டை மட்டும் விடாதே என்று சொல்லியிருக்கிறேன். பயிற்றுநரின் மை அதில்தான் இருக்கிறது.

மற்ற கட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் என்னை உறுத்துகிறது: கிராஸ் கன்ட்ரி. எங்கோ ஒரு பட்டியலில் 'குறுக்கு நாடு' என்று பார்த்தேன். ஒரு நாட்டையும் யாரும் குறுக்கே கடக்கவில்லை. புறப்பட்ட தளத்தை விட்டு வேறு ஊர்த் தளத்துக்குப் போவதுதான் இது. உரிமத்துக்கு 300 கடல் மைலுக்குக் குறையாமல் ஒரு நீண்ட பறப்பு இருக்க வேண்டும். வழியில் இரண்டு வேறு தளங்களில் இறங்கி நின்று கிளம்ப வேண்டும். 'வெளியூர்ப் பறப்பு' என்பேன். பேச்சு வழக்குபோல இருக்கிறது என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் உச்சிப்புளியில் இருக்கும் கடற்படை விமானத் தளத்துக்கு 2009இல் வைத்த பெயர் ஐஎன்எஸ் பருந்து. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முற்றத்தில் பார்த்துக் கத்துகிற அதே பருந்துதான். எந்த மொழிக்காரர் அங்கே வேலைக்கு வந்தாலும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார். எளிய சொல் என்பதால் மிடுக்குக் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

தனிப் பறப்பு, ஆசிரியருடன், கருவிப் பறப்பு (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது), இரவுப் பறப்பு ஆகியவற்றில் யாருக்கும் மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

மீதி இருப்பது ஒரு சந்தேகம். 'கட்டை எடுப்பு' சிலருக்கு 'எடுப்பான' என்ற பொருளைக் கிளறலாம். 'கட்டை நீக்கம்' என்றால் அரசாணை வாடை அடிக்கிறது. மச்சானைக் கேட்டால் "கட்ட எடுத்தாச்சு, கட்ட வச்சாச்சு, அவ்வளவுதான்" என்கிறார். ராமநாதபுரத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான் தயாரிக்கும் கையேட்டில் மாதிரிப் பக்கம் ஒன்று போக வேண்டும். சனிக்கிழமைக்குள் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் உங்கள் முடிவைச் சொல்லுங்கள். மற்ற தலைப்புகளை இன்றே வரைந்துவிடுகிறேன்.