கலைச்சொல்: நோய்கடத்தியா, கிருமிதாங்கியா?

வணக்கம் தம்பி,

காட்டு விலங்குகளின் உடலில் எடுத்த உண்ணிகளில் பாக்டீரியா தேடும் ஆய்வைத் தமிழில் எழுதுவதாகச் சொல்லி, கிருமி இருக்கக் கண்ட உண்ணிக்கு ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். நம் கலைச்சொல் குழுவில் மூன்று பேர் ‘நோய்கடத்தி’ (நோயை ஓர் உயிரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது) போதும் என்றுவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் சேலம் மாவட்டத்தில் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் மாட்டின் காதைத் திருப்பி உண்ணி பிடுங்கிய நாட்கள் நிறைய.

காட்டெருமையோ மானோ, உண்ணி ஒளிந்திருக்கும் இடம் காது மடலின் உட்புறம், தொடை இடுக்கு, வாலடி. மெல்லிய நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். திருகினால் வாய்ப்பகுதி உள்ளேயே நின்றுவிடலாம். வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி ஆமணக்கு முத்து மாதிரியே இருக்கும். (ஆமணக்கின் அறிவியல் பெயரில் வரும் ‘ரிசினஸ்’ இலத்தீனில் உண்ணியைக் குறிக்கும் சொல்தான். ஏத்தாப்பூரில் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மாவட்டத்துக்காரன், சொல்லாமல் விட மனம் வரவில்லை.) அப்புறம் அதை ஆல்கஹாலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அரைத்து, டி.என்.ஏ. பிரித்து, பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் சோதனை) மூலம் ரிக்கெட்சியா, அனாபிளாஸ்மா, காக்சியெல்லா போன்ற பாக்டீரியாக்களின் மரபணுத் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சிக்கல் இங்கேதான். முத்து மாதிரி உப்பிய அந்த உண்ணிக்குள் இருப்பது பெரும்பாலும் காட்டெருமையின் இரத்தம். அந்த இரத்தத்தில் கிருமி ஓடினால், குடித்த உண்ணியிலும் இருக்கத்தான் செய்யும். பி.சி.ஆருக்கு உயிருள்ள கிருமியும் செத்த கிருமியும் ஒன்றுதான். கடத்துகிறது என்று சொல்ல வேண்டுமானால், ஆறுகால் குஞ்சாக இருக்கும்போது குடித்த கிருமி, தோலுரித்து எட்டுக்காலோடு வந்த பிறகும் உள்ளே உயிரோடு இருக்க வேண்டும். அடுத்த விலங்கைக் கடிக்கும்போது அதற்குள் இறங்கவும் வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் 1906இல் உண்ணியைக் கினிப்பன்றிகள் மேல் கடிக்கவிட்டுத்தான் அந்த நாட்டின் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் உண்ணிவழிப் பரவுவதைக் காட்டினார். அப்படி ஒரு சோதனை நடக்காத அறிக்கையில் ‘கடத்தி’ என்று எழுதினால், ஆய்வாளர் சொல்லாததை நாம் சொன்னதாகிவிடும்.

அதனால் என் பரிந்துரை ‘கிருமிதாங்கி’. ஊர்ப்பக்கம் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமையை இறக்கி வைக்கக் கட்டியது. கல் சுமையைத் தாங்கும். அடுத்த ஊருக்குத் தூக்கிப் போகாது. போகிறதா இல்லையா என்பது தெரியாத உண்ணிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு அகப்படவில்லை. சுமைதாங்கி, இடிதாங்கி போலவே இதிலும் ஒற்று மிகாது. கடிக்கவிட்டு நிரூபித்த பிறகு அதே உண்ணியை நோய்கடத்தி என்று தாராளமாக எழுதலாம்.

நோய்க்கு ஈடுகொடுக்கும் பயிரை வேளாண்மைக்காரர்கள் ‘நோய் தாங்கும் ரகம்’ என்கிறார்களே, குழம்பாதா என்று பேராசிரியர் அம்மா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ‘நோய்தாங்கி’ என்று வைத்தால் நிச்சயம் குழம்பும். முன்னால் ‘கிருமி’ வரும்போது அந்தக் குழப்பம் பெருமளவு விலகுகிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, தலைப்பில் ‘வனவிலங்கு உண்ணி’ வேண்டாம். ஊனுண்ணி மாதிரி, வனவிலங்கை உண்பது என்று வாசிக்க இடம் இருக்கிறது. ‘வனவிலங்குகளின் மேல் எடுத்த உண்ணிகள்’ என்றே எழுதுங்கள், நீண்டாலும் பரவாயில்லை. ‘உண்ணிக் காய்ச்சல்’ என்ற சொல்லையும் இந்த அறிக்கையில் தவிருங்கள். செய்தித்தாள்களில் அது ஸ்கிரப் டைபசுக்கு வருகிறது. அந்த நோயைக் கொண்டுவருவது கண்ணுக்கு எளிதில் தெரியாத சிலந்திப்பேன் இனத்தின் குஞ்சு. நாம் மாட்டில் பிடுங்கும் உண்ணி அல்ல. அந்தப் பெயரைப் பார்த்து, காபித் தோட்டத்தில் வேலை செய்பவர் மாட்டைக் கழுவி உண்ணியை நீக்கினால் போதும் என்று நினைத்து, புதரில் வெறுங்காலோடு நடந்துவிடக் கூடாது.

ஒரு விவரம் மட்டும் தெரிய வேண்டும். அறிக்கையில் எல்லா உண்ணியும் விலங்கின் மேல் எடுத்ததா, அல்லது வெள்ளைத் துணியைப் புல்லின் மேல் இழுத்துப் பிடித்ததும் உண்டா? புல்லில் பசியோடு காத்திருந்த உண்ணியில் கிருமி இருந்தால், அது உண்ணியின் முந்தின வளர்ச்சிப் பருவத்திலிருந்தே கூட வந்ததாக இருக்கலாம். அந்த உண்ணிகளைத் தனி வாக்கியத்தில் எழுத வேண்டியிருக்கும். பார்த்துச் சொல்லுங்கள்.