நொதித்து அடங்கியும் தெளியாத பழச் சைடர்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பாயான் பாரு வாசி

வீட்டில் சைடர் (பழச்சாற்றை நொதிக்கவைத்த மதுபானம்) போடுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறோம். குமிழி அடங்கிவிட்டது, சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.000க்குக் கீழே இறங்கி நாலைந்து நாளாக அசையாமல் நிற்கிறது, ருசியும் பரவாயில்லை, ஆனால் ஜாடிக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியவில்லை. உடனே யாராவது "ஜெலட்டின் போடு", "பென்டோனைட் போடு" என்று தெளிய வைக்கும் சாமான்களைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். எதையும் போடுவதற்கு முன்னால் அது என்ன கலங்கல் என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மிதக்கிற ஈஸ்ட்டா, ஜாமை உறைய வைக்கும் பழப் பெக்டினா, மாவுச்சத்தா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

என்னுடையது மாம்பழமும் ஆப்பிளும் கலந்தது. சுத்தமாக இருக்கட்டும் என்று மாமியார் மாம்பழத்தை நன்றாகக் கொதிக்கவிட்டுக் கூழாக்கிக் கொடுத்திருந்தார். கொதித்த பழத்தில் பெக்டின் நிறையக் கரைந்து இறங்கும், அதை உடைக்கப் பழத்திலேயே இருக்கும் என்சைமும் செத்துப்போகும். ஆகவே எனக்குப் பெக்டின் மேல்தான் சந்தேகம். பார்மசியில் ரப்பிங் ஆல்கஹால் (தோலில் தடவும் கிருமிநாசினி) வாங்கி, சின்னக் குப்பியில் ஒரு ஸ்பூன் சைடருக்கு மூன்று ஸ்பூன் ஊற்றி, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ திரண்டது, அப்புறம் அந்த நூலெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கொழகொழவென்று ஒரு கட்டி, குப்பியைச் சாய்த்தால் மொத்தமாக நகர்கிறது. பெக்டினேதான். (அந்தக் குப்பியில் இருப்பதைச் சிங்கில் கொட்டிவிடுங்கள், நாக்கில்கூட வைக்கக் கூடாது, விஷம்.)

பெக்டினை உடைக்கும் பெக்டினேஸ் என்சைமை நொதிக்கும் முன்பு சாற்றிலேயே போடுவதுதான் முறை. ஆல்கஹால் ஏறிய பிறகு அதன் வேகம் குறைந்துவிடும், ஆனால் வேலையே செய்யாது என்றில்லை. பொட்டலத்தில் சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு போட்டேன். ஐஸ் பெட்டியில் வைக்கவில்லை, அடுப்படி மூலையிலேயே விட்டேன். நம்ம மலேசிய ஊர் 30 டிகிரி சைடருக்கு எந்த நன்மையும் செய்யாது, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உதவி, ஏனென்றால் இந்த என்சைமுக்குச் சூடு பிடிக்கும். மேலேயிருந்து ஒரு விரல் அளவுக்குத் தெளிந்து, அந்தக் கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கியது. அதற்குப் பிறகுதான் குளிரில் வைத்தேன்.

சிலாயாங் தம்பி

அண்ணே, என் கதை வேறு. நான் பெட்டி ஆப்பிள் ஜூஸில் போடுகிறவன், அது ஏற்கனவே வடிகட்டிய தெளிந்த சாறு, அதில் பெக்டின் பேச்சே இல்லை. அப்படியும் கலங்கல் என்றால் ஈஸ்ட்தான். கேக் சாமான் கடையில் கிடைக்கும் ரொட்டி ஈஸ்ட் அடியில் இறங்கினாலும் இறுகி உட்காராது, ஜாடியைத் தூக்கி மேசையில் வைப்பதற்குள் பாதி மண்டி மேலே கிளம்பிவிடும். இசி-1118 மாதிரி ஒயின் ஈஸ்ட் நல்ல இறுக்கமாகப் படியும், எஸ்-04 என்ற பீர் ஈஸ்ட் இன்னும் சீக்கிரம் இறங்கும். பொட்டலத்துக்குக் கொடுக்கிற கூடுதல் காசு அங்கேயே திரும்பி வந்துவிடுகிறது.

நான் எதுவும் போடுவதில்லை. முதலில் ஜாடியை லேசாகச் சுழற்றிக் கரைந்திருக்கும் வாயுவை வெளியே விடுவேன், அது உள்ளே இருக்கிற வரை ஏறிவரும் குமிழிகள் மண்டியைத் தூக்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஐஸ் பெட்டியில் 3, 4 டிகிரியில் ஒரு வாரம் போல. ஒன்று கவனிக்கணும்: குளிரும்போது உள்ளே இருக்கும் வாயு சுருங்கும், ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர்க் குழாய் மூடி) இருக்கும் தண்ணீரை ஜாடி உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயில் தண்ணீர் ஏறி "களுக்" என்று உள்ளே விழுந்தது. ஏர்லாக்கைக் கழற்றிச் சுத்தமான மூடியைப் போட்டுவிட்டுத்தான் இப்போது குளிரில் வைக்கிறேன். நொதிப்பு முழுசாக முடிந்த ஜாடிக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

அதைவிட முக்கியம், குளிரில் ஈஸ்ட் தூங்கும், சாகாது. சர்க்கரை மிச்சம் இருக்கும் சைடர் தெளிந்துவிட்டதே என்று கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து வெளியே வைத்தால் பாட்டில் வெடிக்கும்.

ஆயர் ஈத்தாம் அக்கா

ஜெலட்டின் பற்றி யாரும் ஒன்று சொல்லவில்லையே. இங்கே கேக் கடைகளில் ஹலால் முத்திரையோடு கிடைப்பது பெரும்பாலும் மாட்டு ஜெலட்டின், பொட்டலத்திலேயே "லெம்பு" (மலாயில் மாடு) என்று போட்டிருக்கும். நம்ம வீடுகளில் அதைப் போட்டு, யாருக்கும் சொல்லாமல் கிளாஸில் ஊற்றிக் கொடுக்க எனக்கு மனசு வராது. வண்டலோடு பெரும்பகுதி கீழே போய்விடும் என்பது உண்மைதான், அதற்காக எங்கள் சித்தப்பாவிடம் அந்த வியாக்கியானத்தைச் சொல்லிப் பாருங்கள்! மீன் ஜெலட்டினும் உண்டு. கைட்டோசான் என்ற தெளிய வைக்கும் சாமான் பெரும்பாலும் இறால் ஓட்டிலிருந்து வருவது, சைவக்காரர்களுக்கு அதுவும் ஆகாது. அகர்-அகரைப் பதிலாகப் போடலாமா என்று கேட்காதீர்கள், அது புரதம் இல்லை, ஜெலட்டின் மாதிரி வேலை செய்யாது. போதாக்குறைக்கு 35, 40 டிகிரிக்குள்ளேயே உறைகிற சாமான், அளவு கூடினால் சைடரை ஸ்பூனால்தான் சாப்பிட வேண்டும்.

நான் போடுவது அன்னாசிச் சைடர். பச்சை அன்னாசியை ஜெலட்டின் ஜெல்லியில் போட்டால் உறையாது என்பது சமைக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும், அதிலிருக்கும் புரோமெலைன் என்ற என்சைம் புரதத்தை அறுத்துவிடும். அதனால் அன்னாசியில் ஜெலட்டினை நம்புவதே இல்லை. பென்டோனைட்தான் எனக்குச் சரி. லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் போக மாட்டேன். சுடுதண்ணீரில் தூவி ராத்திரி முழுக்க ஊற விட்டு, கட்டியில்லாமல் கரைத்து ஊற்ற வேண்டும். தூளை அப்படியே சைடரில் கொட்டினால் உருண்டை உருண்டையாக அடியில் கிடக்கும், பிரயோஜனம் இல்லை.

பாட்டி காலத்தில் கிணற்றுத் தண்ணீர் கலங்கினால் குடத்து உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசுவார்கள். அதைச் சைடருக்குப் போடலாமா என்று எங்கள் வீட்டிலும் ஒரு கேள்வி வந்தது. வேண்டாத வேலை. பென்டோனைட்டே ஒரு களிமண்தான். தண்ணீரில் மண் கலங்கினால் கொட்டை, சைடர் கலங்கினால் மண், இப்படிப் போகிறது நம்ம பாடு.

பாயான் பாரு வாசி

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பென்டோனைட் புரதத்தைப் பிடிக்கும், என்சைமும் புரதம்தான். இரண்டும் போடுவதாக இருந்தால் பெக்டினேஸ் முதலில், அது வேலையை முடித்த பிறகு பென்டோனைட். மாற்றிப் போட்டால் காசு கொடுத்து வாங்கிய என்சைம் களிமண்ணோடு அடிக்குப் போய்விடும். பென்டோனைட் பெக்டினைத் தொடாது.

பட்டர்வொர்த் பழைய ஆள்

மாவுச்சத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். செங்காய் மாம்பழம், சரியாகப் பழுக்காத வாழைப்பழம் போட்டால் இந்தத் தொல்லை வரும். முதலுதவிப் பெட்டியில் இருக்கும் அயோடினில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர் கலந்து, தனியாக எடுத்த சைடரில் விட்டுப் பாருங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து, அதை உடைக்கும் அமைலேஸ் என்சைம் வாங்க வேண்டும். மாறாவிட்டால் வேறு காரணம்.

இன்னொரு கலங்கல் இருக்கிறது, அதைத் தெளிய வைக்கவே முயற்சி செய்ய வேண்டாம். ஜாடியைச் சுழற்றும்போது உள்ளே பட்டுப் பட்டாக அலை ஓடும், ஊற்றினால் எண்ணெய்ப் பதத்தில் வழியும், அது பாக்டீரியா. மேலே ஆடை கட்டிக் காடி வாடை வந்தால், மூடிக்குக் கீழே காற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நல்ல காடியாகவே முடியட்டும் என்று துணி கட்டி விட்டுவிடலாம், ஊறுகாய்க்கு ஆகும்.

தெளிந்த ஜாடியிலிருந்து மாற்றும்போது குழாய் நுனியை மண்டிக்கு இரண்டு விரல் மேலே நிறுத்துங்கள். கடைசி ஒரு கிளாஸுக்கு ஆசைப்பட்டுச் சாய்க்காதீர்கள். அந்தக் கடைசிக் கிளாஸைத் தனியாக எடுத்து வைத்து நானே குடித்துவிடுவேன், கலங்கலாக இருந்தால் என்ன, அதுவும் சைடர்தானே.