அம்மா அறை ரேடியேட்டர் மட்டும் சூடாகவே இல்லை, காற்று எடுத்தும் பலனில்லை

சாளரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாய்லர் தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியாக அனுப்பும் வகை எங்கள் வீட்டில். மொத்தம் 6 ரேடியேட்டர்கள். ஐந்து மாதம் அணைத்து வைத்திருந்தேன், குளிர் தொடங்கியதும் போன வாரம் ஓட விட்டேன். ஐந்து ரேடியேட்டர்கள் நன்றாகச் சுடுகின்றன. அம்மா படுக்கும் அறையில் இருப்பது மட்டும் கல் மாதிரி சில்லென்று கிடக்கிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. குளிர் ஏறினால் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே கஷ்டப்படுவார். கேட்டால் "எனக்கொண்ணும் குளிரலப்பா" என்பார். நேற்று இரவு எட்டிப் பார்த்தேன், இரண்டு போர்வைக்கு மேல் என் பழைய கோட்டையும் போட்டுக்கொண்டு தூங்கினார். அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இப்போதைக்கு ஒரு மின்சார ஹீட்டர் வைத்திருக்கிறேன், அந்தக் காற்றில் தொண்டை வறண்டு இருமுகிறார்.

இதுவரை நான் பார்த்தவை: தெர்மோஸ்டாட் குமிழ் கடைசி எண்ணான 5-இல் இருக்கிறது. மேலே ஓரத்தில் உள்ள காற்றுத் திருகைச் சாவியால் திறந்தேன். உஸ் என்ற சத்தமே இல்லை, உடனே தண்ணீர் வந்தது, மூடிவிட்டேன். பாய்லரில் பிரஷர் 1.3 பார் காட்டுகிறது. தரையிலிருந்து வால்வுக்கு ஏறும் குழாயில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. வால்வைத் தாண்டி ரேடியேட்டரைத் தொட்டால் குளிர். வேறு என்ன பார்க்கலாம்? எதையாவது திருகி வீடு முழுக்கத் தண்ணீராகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.


மஞ்சள்குடை எழுதியது:

எங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்தது, காற்றுதான் காரணம். நீங்கள் ஒருமுறைதான் திறந்திருக்கிறீர்கள். தினமும் இரண்டு தடவை திறந்து பாருங்கள், உள்ளே எங்காவது மாட்டியிருக்கும். பிரஷரையும் 2 பாருக்கு ஏற்றிவிடுங்கள், தண்ணீர் தானாகத் தள்ளிக்கொண்டு போகும்.

இன்னொன்று. ஜன்னல் திரை ரேடியேட்டர் மேல் விழுகிறதா? அதையும் கவனியுங்கள்.


முப்பதாம்நம்பர்ஸ்பேனர் எழுதியது:

சாளரம், கொஞ்சம் பொறுங்கள், காற்றுத் திருகை இனிமேல் தொட வேண்டாம். பல வருடம் இந்த வேலைதான் பார்த்தேன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது.

ரேடியேட்டர் விஷயத்தில் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடு எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. காற்று நின்றால் மேல் பகுதி குளிரும், அடி சுடும், ஏனென்றால் காற்று மேலே போய் உட்காரும். கசடு அடைத்தால் நேர் எதிர்: மேலே சூடு, அடியில் நடுப்பகுதி குளிர். இரும்பு உள்ளே துருப்பிடித்துக் கறுப்புச் சேறாகி அடியில் படிவதுதான் அந்தக் கசடு. உங்களுடையது இரண்டும் இல்லை. சூடு வால்வு வாசல் வரை வந்து நிற்கிறது. அப்படியென்றால் வாசல் மூடியிருக்கிறது.

மஞ்சள்குடை தம்பி நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் தினமும் திறந்து, குறையும் தண்ணீருக்குப் புதுத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே இருப்பது கெடுதல். புதுத் தண்ணீரோடு ஆக்சிஜன் உள்ளே போகும், அது இரும்பை அரிக்கும். வாரத்துக்கு வாரம் காற்று எடுக்க வேண்டியிருக்கும் வீட்டில், வருவது வெறும் காற்றாகவே இருக்காது. அரிப்பில் உண்டாகும் ஹைட்ரஜனும் வரும். அது தீப்பிடிக்கும், பக்கத்தில் தீக்குச்சி, மெழுகுவர்த்தி எதுவும் கூடாது. பிரஷர் 1.3 சரியான அளவு. ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 வரை இருந்தால் போதும், சூடானதும் தானாகக் கொஞ்சம் ஏறும். பிரஷரை ஏற்றினால் அடைத்த வால்வு திறக்காது. தண்ணீரைச் சுற்ற வைப்பது பம்ப்.

இப்போது வால்வு. குமிழைத் தண்ணீர்க் குழாய் மாதிரி நினைக்கிறோம், அது அப்படி வேலை செய்வதில்லை. குமிழுக்குள் மெழுகோ திரவமோ நிரப்பிய சின்ன குப்பி இருக்கும். அறை சூடானால் அது விரிந்து, கீழே வால்வில் இருக்கும் ஒரு பின்னை (சின்ன உலோகக் குச்சி) அழுத்தும், வழி மூடும். அறை குளிர்ந்தால் சுருங்கும், ஸ்பிரிங் பின்னை மேலே தள்ளும், வழி திறக்கும். மாதக்கணக்கில் அழுந்தியே கிடந்தால் அந்தப் பின் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். குமிழை 5-க்குத் திருப்பினாலும் பின் எழுந்திருக்காது. நீண்ட நாள் அணைத்துவிட்டு முதல்முறை ஓட்டும்போது வரும் கோளாறுகளில் இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அணைத்து வைத்தபோது அந்தக் குமிழ் எந்த எண்ணில் இருந்தது, நினைவிருக்கிறதா?

சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி. பாய்லரை அணைத்து ஆற விடுங்கள். ரேடியேட்டரின் மறுமுனையில், அடியில், பிளாஸ்டிக் மூடி போட்ட இன்னொரு வால்வு இருக்கும், லாக்‌ஷீல்டு என்போம். மூடியைக் கழற்றி, ஸ்பேனரால் வலப்பக்கமாக மெதுவாக முழுக்க மூடுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், இது முக்கியம். அதே எண்ணிக்கைக்குத் திரும்பத் திறக்காவிட்டால் மற்ற அறைகளின் சூடும் மாறிவிடும். இப்போது காற்றுத் திருகைத் திறங்கள் (தொடாதே என்றவன்தான், இந்தச் சோதனைக்கு மட்டும்). கொஞ்சம் சொட்டி நின்றுவிட்டால், தண்ணீர் வரும் வாசல் அடைபட்டிருக்கிறது என்று பொருள். முன்பு உங்களுக்குத் தண்ணீர் வந்ததே, அது மறுமுனையில் இருக்கும் இந்த வால்வு வழியாக வந்திருக்கும்.


சாளரம் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. அணைக்கும்போது எல்லாக் குமிழையும் நானே கடைசி வரை மூடி வைத்தேன், அதுதான் நல்லது என்று நினைத்தேன்.

சோதனை செய்தேன். லாக்‌ஷீல்டு இரண்டேகால் சுற்றில் மூடியது. காற்றுத் திருகைத் திறந்ததும் ஒரு ஸ்பூன் அளவு வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. மூடிவிட்டு, அந்த இரண்டேகால் சுற்றையும் திரும்பத் திறந்துவிட்டேன். அடுத்து என்ன செய்யட்டும்?


முப்பதாம்நம்பர்ஸ்பேனர் எழுதியது:

அப்படியானால் பின்தான். பாய்லர் அணைந்தே இருக்கட்டும். குமிழை 5-இல் வையுங்கள், அப்போதுதான் அது பின்மேல் அழுத்தாமல் லேசாகக் கழலும். குமிழின் அடியில் ஒரு வளையம் இருக்கும், அதை இடப்பக்கமாகத் திருகுங்கள். இறுக்கமாக இருந்தால் துணி சுற்றிக் குறடால் பிடியுங்கள். குமிழ் கையோடு வந்துவிடும், தண்ணீர் வராது, பயப்பட வேண்டாம். தண்ணீரை அடைத்து வைத்திருப்பது வால்வின் உடம்பு, குமிழ் அல்ல.

கழற்றியதும் நடுவில் தீக்குச்சி கனத்தில் ஒரு உலோகப் பின் தெரியும். நன்றாகச் சூடாகும் ஒரு ரேடியேட்டரின் குமிழையும் கழற்றி, அதன் பின் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கோளாறான வால்வில் பின் உள்ளேயே அமுங்கிக் கிடக்கும்.

பின்னைச் சுற்றி மசகெண்ணெய் ஒரே ஒரு துளி. கால் மணி நேரம் விடுங்கள். பிறகு ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் வால்வின் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள், கதவைத் தட்டுவது மாதிரி. ஸ்பேனரின் தட்டையான பக்கத்தால் பின்னை அழுத்தி விடுங்கள். திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பொறுமைதான் இதில் வேலை.

ஒன்றே ஒன்று செய்யக் கூடாது: குறடால் பின்னைக் கவ்வி மேலே இழுக்காதீர்கள். பின் கையோடு வந்துவிட்டால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், நிறுத்துவது கஷ்டம். அரை மணி நேரம் முயன்றும் எழவில்லை என்றால் விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வால்வை மாற்ற வேண்டியிருக்கும், அது தண்ணீரை இறக்கிச் செய்யும் வேலை.


வடக்குஅறை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு இது நேரெதிராக நடந்தது. ஸ்பேனர் ஐயா சொன்னபடியே பின்னைப் பார்த்தேன், அது நன்றாகத் துள்ளியது. ஆனாலும் குளிர். கடைசியில் பார்த்தால், சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ரேடியேட்டரை இறக்கியவர் லாக்‌ஷீல்டை மூடியபடியே விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒன்றரைச் சுற்று திறந்ததும் சுட ஆரம்பித்தது. பின்னில் கோளாறு இல்லாதவர்கள் அந்தப் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றிப் பாருங்கள்.


சாளரம் எழுதியது:

வந்துவிட்டேன். ரேடியேட்டர் சுடுகிறது!

நடந்ததை முழுக்க எழுதுகிறேன், பின்னால் யாருக்காவது உதவும். குமிழ் துணி சுற்றிப் பிடித்ததும் கழன்றது. முதலில் கூடத்து ரேடியேட்டரின் பின்னைப் பார்த்தேன். பித்தளைக் கழுத்துக்கு மேலே ஒரு அரிசி நீளத்துக்கு நின்றது, அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வந்தது. அம்மா அறையில் அந்தப் பின்னின் தலை மட்டும்தான் தெரிந்தது, கழுத்தோடு கழுத்தாக. சுற்றிலும் பச்சையாக ஒரு படிவு. எண்ணெய் விட்டு, அம்மா கட்டிலில் உட்கார்ந்து டார்ச் அடிக்க, தட்டினேன். பத்து, இருபது தடவை, ஒன்றும் இல்லை. எண்ணெயை இன்னொரு துளி விட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் தட்டினேன். இழுத்துப் பார்க்கலாமா என்று ஒரு கணம் கை குறடுக்குப் போனது. ஐயா எழுதியது நினைவு வந்து வைத்துவிட்டேன். அப்புறம் ஸ்பேனரால் அழுத்தியபோது உள்ளே மயிரிழை அசைந்தது. அழுத்த அழுத்த அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வர ஆரம்பித்தது. கடைசியில் டக் என்று எழுந்து நின்றது. "வந்திடுச்சு" என்று எனக்கு முன்னால் அம்மாதான் சொன்னார்.

ஐம்பது தடவையாவது அழுத்தி விட்டிருப்பேன், தடங்கல் இல்லாமல் போய் வரும் வரை. பாய்லரை ஓட விட்டதும் வால்வில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. பத்து நிமிடத்தில் மேல் பகுதி சூடு, அரை மணி நேரத்தில் அடி வரைக்கும். நடுவிலும் கை வைத்துப் பார்த்தேன், கசடு இருப்பதாகத் தெரியவில்லை.

இன்னும் ஒரு சின்ன குறை. மாலையில் அறை நன்றாக இருக்கிறது, இரவில் படுத்த பிறகு ரேடியேட்டர் ஆறிவிடுகிறது. காலையில் அறையின் வெப்பமானி 16 டிகிரி காட்டியது. குமிழ் இப்போது 3-இல் இருக்கிறது. பின் மறுபடியும் ஒட்டுகிறதா?


மஞ்சள்குடை எழுதியது:

இரவில் திரையை இழுத்து மூடுகிறீர்களா? குமிழ் திரைக்கு உள்பக்கமா?


சாளரம் எழுதியது:

ஆமாம், தரை வரை வரும் கனமான திரை. குமிழ் உள்ளேதான் மாட்டுகிறது.


முப்பதாம்நம்பர்ஸ்பேனர் எழுதியது:

மஞ்சள்குடை முதல் நாளே சரியாகப் பிடித்துவிட்டார், நான்தான் அதைக் கவனிக்காமல் விட்டேன். திரைக்குப் பின்னால் சூடு தேங்குகிறது. அறை போதுமான அளவு சூடாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு குமிழ் பின்னை அழுத்தி மூடிவிடுகிறது. 3 என்றால் சுமார் 20 டிகிரி, ஆனால் அது தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் அளக்கும், அம்மாவின் கட்டிலருகே இருக்கும் காற்றை அல்ல. திரையை ரேடியேட்டருக்கு மேலே நிற்கும்படி மடித்துக் கட்டுங்கள். 5-க்கு ஏற்ற வேண்டாம், அதனால் வேகமாகச் சூடாகப் போவதில்லை.

குளிர் முடிந்து பாய்லரை அணைக்கும்போது எல்லாக் குமிழையும் முழுக்கத் திறந்து வையுங்கள். பின் மேலேயே நிற்கும். மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் போகும்போது முழுக்க மூடித் திறந்து விடுங்கள்.


சாளரம் எழுதியது:

திரையை மடித்து ஊக்கு குத்தியாகிவிட்டது. இன்று காலை 19.5. கோட்டு மறுபடியும் அலமாரிக்குப் போய்விட்டது, ஹீட்டரையும் எடுத்துவிட்டேன். இரவில் இருமல் சத்தமும் இல்லை. மீதி ஐந்து ரேடியேட்டரின் குமிழையும் இந்த ஞாயிற்றுக்கிழமை கழற்றி, பின்னைப் பார்க்கப் போகிறேன். டார்ச் பிடிக்க அம்மாவும் வருகிறேன் என்கிறார்.