கலைச்சொல் விவாதம்: ஒரு கிலோ பேட்டரிக்கு எவ்வளவு ஆற்றல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட சொல்லுக்கு மூன்று பேர் வேலை மெனக்கெட்டுப் பதில் எழுதியிருக்கிறீர்கள். நன்றி. மின்சார விமானத்துக்கு நான் வைத்த "மின்வானூர்தி"க்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. புறநானூற்று 27ஆம் பாட்டிலேயே "வலவன் ஏவா வான ஊர்தி" இருக்கிறது. முன்னால் "மின்" சேர்த்தாயிற்று, அது முடிந்தது. என் சிக்கல் அந்த ஊர்திக்குள் இருக்கும் பேட்டரியைப் பற்றியது. ஒரு கிலோவில் எவ்வளவு ஆற்றல் அடங்கும் என்பதை ஆங்கிலத்தில் ஸ்பெசிஃபிக் எனர்ஜி என்கிறார்களே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

> "ஆற்றல் அடர்த்தி" ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. புதிதாக எதற்கு?

மதுரை ஐயாவின் இந்தக் கேள்விக்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனில் ஏறத்தாழ 33 கிலோவாட் மணி (மின்கட்டணத்தில் "யூனிட்" என்பது இதுதான், 1,000 வாட் மணி) ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோலில் 12தான். ஆனால் சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் ஹைட்ரஜனில் இருப்பது 3 வாட் மணி. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி. அப்படியானால் ஹைட்ரஜனின் "ஆற்றல் அடர்த்தி" பெட்ரோலைவிட அதிகமா, குறைவா? கிலோவால் அளந்தால் ஒரு விடை, லிட்டரால் அளந்தால் நேர்மாறான விடை. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிக்கொண்டிருந்தால் படிக்கிற பிள்ளை எதை நம்பும்? செல்போனுக்கு லிட்டர்க் கணக்கு முக்கியம், பையில் அடங்க வேண்டுமே. விமானத்துக்குக் கிலோதான் உயிர்.

இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றும் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவியல் சொல்லித் தருகிறேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், மின்சார ஸ்கூட்டர் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வந்துடுது. ரெண்டு பேர் போற மின்சார விமானம் மட்டும் ஏன் கோயம்புத்தூரிலிருந்து இங்க வரக்கூடாது?" நல்ல கேள்வி. நீலகிரியில் இறங்க ஓடுதளம் கிடையாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில் ஏறி, நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, பீளமேட்டிலேயே இறங்குவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம் என்றேன்.

கையில் எடுத்த விமானம், ஸ்லோவேனியாவின் பிப்பிஸ்ட்ரெல் செய்யும் வேலிஸ் எலக்ட்ரோ. முழு வகைச் சான்று, அதாவது இந்த வடிவமைப்பு பறக்கத் தகுந்தது என்ற அதிகாரபூர்வ ஒப்புதல், பெற்ற முதல் மின்வானூர்தி இதுதான். ஐரோப்பிய விமானப் பயணப் பாதுகாப்பு முகமை 2020 ஜூனில் கொடுத்தது. இருவர் உட்காரலாம். அதிகபட்ச எடை 600 கிலோ. அதில் பேட்டரி அடுக்குகள் இரண்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 கிலோ. இரண்டும் சேர்ந்து வைத்திருப்பது 25 கிலோவாட் மணிக்குச் சற்றுக் குறைவு. ஆட்களுக்கு மிஞ்சுவது 170 கிலோவை ஒட்டி. அவசரத்துக்கான இருப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 50 நிமிடம் பறக்கும்.

கோவை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம். தொட்டபெட்டா 2,637 மீட்டர். மேகத்துக்கும் காற்றுக்கும் இடம் விட்டு 3,000 மீட்டரில் கடப்போம். 600 கிலோவை 2,600 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் 4.25 கிலோவாட் மணி. புரொப்பெல்லரில் போவது, மோட்டாரில் போவது, காற்றோடு மல்லுக்கட்டுவதில் போவது எல்லாம் சேர்ந்தால் இரண்டு மடங்கைத் தாண்டும். ஆக, மலை ஏறுவதற்குள் பேட்டரியில் கிட்டத்தட்ட பாதி காலி. திரும்பும்போது இறக்கம் என்பதால் செலவு குறைவு. கணக்கு நூலிழையில் ஒத்துவருகிறது. ஆனால் எதிர்காற்று அடித்தாலோ, குன்னூர்ப் பக்கம் மூடுபனி ஏறி ஒரு பத்து நிமிடம் சுற்றிப் போக நேர்ந்தாலோ அவசர இருப்பில்தான் கை வைக்க வேண்டும்.

அந்த 140 கிலோ பேட்டரி செய்கிற வேலையைச் செய்ய எவ்வளவு பெட்ரோல் தேவை தெரியுமா? எஞ்சின் முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்கினாலும், பத்து லிட்டரை ஒட்டித்தான். ஏழு கிலோ! கரும்பலகையில் 140, 7 என்று எழுதியதும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் கட்டுச்சோறு மாதிரி. வழியில் சாப்பிடச் சாப்பிட மூட்டை இளைக்கும். பேட்டரியோ சாப்பிட்டு முடித்த பிறகும் அதே கனத்தில் தோளில் தொங்கும் தூக்குச்சட்டி. ஏறும்போது 600 கிலோ என்றால் இறங்கும்போதும் 600 கிலோ. நாள்பட்டால் பேட்டரி கொள்ளும் ஆற்றல் குறையும், கனம் குறையாது. அதாவது கிலோவுக்கு எவ்வளவு என்ற எண் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. இதைச் சொல்லத்தான் எனக்குச் சொல் இல்லை.

மின்சாரத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஊட்டி உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு நொய்ந்திருக்கிறது. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்தியை இழக்கும். மூச்சு விட்டு வேலை செய்வது அது. மோட்டார் மூச்சு விடுவதில்லை, சக்தி அப்படியே இருக்கும். சத்தம் குறைவு, எண்ணெய் மாற்றும் வேலை இல்லை. ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கிப் பழகும் பயிற்சிப் பள்ளிக்கு இன்றைக்கே பொருந்தும். 1973இல் ஆஸ்திரியாவில் நிக்கல் காட்மியம் பேட்டரியோடு ஆளை ஏற்றிப் பறந்த முதல் மின்வானூர்தி பத்து நிமிடத்தை ஒட்டித்தான் தாக்குப்பிடித்தது. இன்றைக்கு வேலிஸ் ஐம்பது. ஆனால் சொந்த விமானம் வைத்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் போக நினைப்பவருக்கு இது இன்னும் போதாது. ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் புல் வெளுக்கும் ஜனவரி உறைபனியில் பேட்டரி இன்னும் சுணங்கும்.

சொல்லுக்கு வருகிறேன்.

> தன்வெப்பம் என்பதுபோல் "தன்னாற்றல்" என்றால் என்ன?

கோவைத் தம்பி, ஸ்பெசிஃபிக் ஹீட் "தன்வெப்பம்" என்றால் ஸ்பெசிஃபிக் எனர்ஜி "தன்னாற்றல்", இலக்கண முறைப்படி சரிதான். ஆனால் "தன்னாற்றல்" என்றால் சொந்தத் திறமை என்றுதான் காதில் விழும். "பேட்டரியின் தன்னாற்றல் உயர்ந்துள்ளது" என்று படித்தால், அது சுயமாக முன்னேறிவிட்டது போலிருக்கிறது. கிலோ அதில் எங்குமே இல்லை. யாழ்ப்பாணத்து நண்பர் தந்த "சிறப்பாற்றல்" இன்னும் தள்ளிப் போகிறது.

என் முன்மொழிவு: எடைவீத ஆற்றல். லிட்டர்க் கணக்குக்குப் பருமவீத ஆற்றல். எங்கள் பக்கம் பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன விலை என்பதை வைத்துத்தான் பல வீடுகளில் மாதச் செலவு நடக்கிறது. கிலோவுக்கு எவ்வளவு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "வீதம்" அந்தக் கேள்வியை அப்படியே கேட்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து

---

அண்ணனுக்கு வணக்கம்.

"வீதம்" மிகவும் பிடித்தது. "எடை"யைத்தான் ஏற்க முடியவில்லை. கிலோகிராம் அளப்பது நிறையை. எடை என்பது விசை, நியூட்டனில் அளப்பது. எங்கள் கொடைக்கானலில் 1899இலிருந்து சூரிய ஆய்வகம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்களிடம், சூரியப் பரப்பில் உங்கள் எடை இங்கிருப்பதைப்போல் 28 மடங்கு, நிறை மட்டும் அதேதான் என்று சொல்லிச் சொல்லிப் புரிய வைத்திருக்கிறேன். பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளுக்குள் பேட்டரி மிதக்கிறது, எடையே உணர முடியாது. அதன் கிலோவுக்கான ஆற்றல் மாறிவிடுமா? "எடைவீத ஆற்றல்" என்று அச்சில் வந்துவிட்டால் நான் சொல்லிக் கொடுத்ததை நம் கலைச்சொல்லே அழித்துவிடும். தயவுசெய்து "நிறைவீத ஆற்றல்" என்று வையுங்கள்.

கொடைக்கானலிலிருந்து

---

தங்கை சொல்வது சரி. செயற்கைக்கோள் எடுத்துக்காட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

"நிறை" என்றதும் சிலருக்கு நிறைவு, நிறை குறை என்று பொருள் ஓடுமே என்றுதான் தயங்கியிருந்தேன். நேற்றிரவு யோசித்தபோது "நிறைகோல்" நினைவுக்கு வந்தது. தராசுக்கு நம் பழைய பெயர். தேயிலை மூட்டை தொங்கும் அந்தத் தராசு "நிறை"யிலேயே இருக்கிறது, "எடை"யைத் தேடிப் போக வேண்டியதில்லை. பின்னால் "வீதம்" வந்துவிடுவதால் நிறைவு என்று யாரும் பிரித்துப் படிக்கவும் மாட்டார்கள்.

பிள்ளைகளுக்காக எழுதிவரும் கட்டுரையில் இப்படி மாற்றிவிட்டேன்:

"இந்தச் சிறுவிமானத்துப் பேட்டரியின் நிறைவீத ஆற்றல், அதாவது ஒரு கிலோவுக்குக் கிடைப்பது, 180 வாட் மணியைத் தாண்டாது. பெட்ரோலின் நிறைவீத ஆற்றல் 12,000 வாட் மணி. எஞ்சின் வீணாக்குவதைக் கழித்த பிறகும் பெட்ரோல் ஏறத்தாழ இருபது மடங்கு முன்னால் நிற்கிறது."

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து