அத்தை மகளைக் கட்டினதாலதான் வருதா?

கோத்தகிரி அம்மா: நேத்து வேற இழையில மலைத்தேன் எழுதியிருக்கார்: "சொந்தத்துல கட்டினா குள்ளமாத்தான் பிறக்கும்." என் மகனுக்கு அகாண்ட்ரோபிளேசியா, அதாவது கை கால் எலும்பு நீளமா வளராத குள்ளத்தன்மை. என் வீட்டுக்காரருக்கு ஊர் தேனி, எனக்குக் கோத்தகிரி. ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணுவில ஒரே எழுத்து மாறினா போதும், குருத்தெலும்பு எலும்பா வளர்றதுக்குத் தடை விழுந்துடும். பத்துல எட்டுப் பிள்ளைங்களுக்குப் பெத்தவங்ககிட்ட இல்லாம புதுசாத்தான் வருது.

மலைத்தேன்: எங்க எஸ்டேட் லைன்ல அத்தை மகளைக் கட்டினவருக்கு அப்படித்தான் பிறந்தது. கண்ணால பார்த்தது.

கோத்தகிரி அம்மா: அதே லைன்ல சொந்தத்துல கட்டி நெடுநெடுன்னு வளர்ந்த பிள்ளைங்களை எண்ணினீங்களா?

ஊட்டி வாத்தியார்: அப்ப சொந்தத்துல கட்டினா ஒண்ணுமே வராதா? அம்மா, அப்பா இரண்டு பக்கமும் மாறின மரபணு சேர்ந்தா வர்ற எலும்புக் குறைகளும் உண்டு.

கோத்தகிரி அம்மா: உண்டு சார். இது அந்த வகை இல்ல. இதுக்கு ஒரு பக்கம் மாறினாலே போதும். நான் சொன்னதை முழுசாப் படிங்க.

மலைத்தேன்: படிச்சவங்க பேசினா நாங்க வாய மூடணும். போன மாசம் காட்டெருமை விஷயத்திலயும் இப்படித்தான் பாடம் எடுத்தீங்க.

கோத்தகிரி அம்மா: காட்டெருமையை விடுங்க. பஸ்ஸோட முதல் படி என் மகனுக்கு இடுப்பு உயரம். கம்பியை இரண்டு கையாலயும் பிடிச்சு, முட்டியை ஊன்றி ஏறுவான். விரல் மூணு பக்கம் விரிஞ்சிருக்கும், பிடி நழுவும். பின்னால நிக்கிறவங்க, "சொந்தத்துல கட்டியிருப்பாங்க"ன்னு என் காதுபடவே பேசுவாங்க. அந்தப் பேச்சை நீங்க இங்க எழுதி வைக்கிறீங்க.

குன்னூர் குமார்: மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கிட்டீங்களா? நான் நாலடி பத்து அங்குலம். எனக்கும் தருவாங்களா?

ஊட்டி வாத்தியார்: 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 147 செ.மீ. வரைக்கும்னு இருக்கே. தரணும்.

கோத்தகிரி அம்மா: உயரம் மட்டும் பத்தாது. மருத்துவக் காரணமோ மரபணுக் காரணமோ இருக்கணும்.

குன்னூர் குமார்: அதை டாக்டர் சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க. வளர்ச்சி ஊசி போட்டா சரியாகாதா?

கோத்தகிரி அம்மா: வோசோரிடைடுன்னு ஒரு ஊசி மருந்து 2021-ல அமெரிக்காவில அனுமதியாச்சு. தினமும் குத்தணும், அதுவும் எலும்பு வளர்ற முனை மூடுறதுக்கு முன்னால. கேட்டது அதையா இப்ப? மலைத்தேன், உங்க எஸ்டேட்ல பிறந்த அந்தக் குழந்தைக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா? இந்தக் குறையில மண்டையோட்டு அடித்துளை குறுகி தண்டுவடத்தை அழுத்தலாம். கைக்குழந்தையா இருந்தப்ப டாக்டர்கிட்ட காட்டிப் பார்த்தாங்களா?

மலைத்தேன்: அதெல்லாம் தெரியாது. ஆனா அத்தை மகள்தான். கல்யாணத்துக்கு நானே போயிருந்தேன்.