உப்புக் காற்றுல தொட்டி முள்ளங்கி: ராமநாதபுரம் கடலோர ஊர்க்காரங்களோட அனுபவப் பகிர்வு

தேவிபட்டினம், மாடித் தோட்டம்

வெள்ளை முள்ளங்கிக்கு ஓரடி ஆழம் கட்டாயம். 12-க்கு 12 அங்குலப் பையில் நாலு செடி, மிஞ்சிப்போனா அஞ்சு. சிவப்பு உருண்டைக்கு அரையடித் தட்டு போதும், மூணு விரல் இடைவெளி.

கலவை: செம்மண் ரெண்டு சட்டி, தேங்கா நார்க்கழிவு ஒரு சட்டி, நல்லா மட்கின தொழுவுரம் ஒரு சட்டி, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. எல்லாத்தையும் சல்லடையில சலிச்சே ஆகணும். கட்டியோ கல்லோ முட்டினா வேர் ரெண்டா பிரிஞ்சு கால் முளைச்ச மாதிரி ஆயிடும். மட்காத ஆட்டுப்புழுக்கையும் இதே வேலையத்தான் செய்யும். கண்மாய்க் கரம்பை (வண்டல் மண்) வேற செடிக்கு நல்லது, இதுக்கு வேண்டாம். காஞ்சா இறுகிப்போயி கிழங்கை இறங்க விடாது.

அரை அங்குல ஆழத்துல குழிக்கு ரெண்டு விதை. நாத்து விட்டுப் பிடுங்கி நடக்கூடாது, ஆணிவேர் ஒடிஞ்சா கிழங்கு கோணிக்கும்.

கீழக்கரை, வீட்டு முற்றம்

அண்ணன் சொன்ன கலவை சரிதான். ஆனா நம்ம கரையில முள்ளங்கியைக் கெடுக்கிறது மண்ணை விட உப்புதான். அது மூணு வழியா வருது: தண்ணி, நார்க்கழிவு, எரு.

முதல்ல தண்ணி. முள்ளங்கி உப்பு தாங்காத பயிர். டி.டி.எஸ். மீட்டர்ல (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்குற கருவி) 500க்குள்ள இருந்தா குறையில்லாம வரும். போர் தண்ணி 1500 காட்டினா, ஒரு குடத்துக்கு ரெண்டு குடம் மழைத்தண்ணி சேத்தா 500க்கு இறங்கிடும். காய்ச்சினாலோ துணியில வடிகட்டினாலோ உப்பு போகாது. அதனால ஐப்பசி மழையில டிரம் நிரப்பி மூடி வைக்கிறது உரம் வாங்குறதை விட முக்கியம். காவிரிக் குடிநீர் வர்ற வீட்டுல காய்கறி கழுவின தண்ணியை வீணாக்காதீங்க. சோப்புத் தண்ணி மட்டும் வேண்டாம்.

அடுத்து நார்க்கழிவு. கட்டியை ராத்திரி ஊறவச்சு, பிழிஞ்சு, தண்ணியைக் கொட்டிட்டு மறுபடி ஊறவைங்க. மூணு தடவையாவது வேணும். கடைசியாப் பிழிஞ்ச தண்ணியில மீட்டரை வச்சா, ஊத்தின தண்ணியோட அளவுக்குப் பக்கத்துல காட்டணும். கூடுதலா இருந்தா இன்னொரு தடவை.

எருவுல கருவாட்டுக் கழிவு கலந்திருந்தா தொடவே தொடாதீங்க. பச்சை மீன் கழிவுல செஞ்ச மீன் அமிலம் பரவாயில்ல, லிட்டருக்கு 5 மில்லி. அதுவும் முதல் ரெண்டு வாரத்தோட நிறுத்திடணும், இல்லன்னா இலைதான் ஏறும்.

உப்பு ஏறினதுக்கு அடையாளம்: பை விளிம்புல வெள்ளையாப் பூக்கும், அடி இலைகள் ஓரத்துல இருந்து கருகும், கிழங்கு சுண்டிப்போயிடும். அப்போ நல்ல தண்ணியை அடியில வழியற வரைக்கும் நிறைய விடணும். தினம் மேலாக்கத் தெளிச்சா உப்பு வெளியேற வழியில்லாம உள்ளேயே தங்கும்.

மண்டபம், கடலோர வீடு

காற்றைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கச்சான் (மேல்காற்று) அடிக்கும் மாதங்களில் கடல் சாரல் இலையில் படிந்து காயும், நுனி எரியும். பனையோலைப் படல் கட்டுவதுதான் நல்லது. சுவர் மாதிரி அடைத்தால் காற்று மேலேறி மறுபுறம் சுழன்று விழும். படல் பாதிக் காற்றை விட்டு வேகத்தை மட்டும் குறைக்கும். சாரல் அதிகமான நாளில் சாயங்காலம் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடலாம்.

பருவம்: அடைமழை ஓய்ந்த பிறகு, கார்த்திகை முதல் தை வரை விதைப்பது சிறப்பு. கோடையில் பூசா சேத்கி ரகம் மட்டும் போடுங்கள், வெயில் தாங்கும். பூசா ஹிமானி குளிர் கேட்கும் ரகம், இங்கே சரிப்படாது. பைகளைச் செங்கல் மேல் வையுங்கள்: கோடையில் தளத்துச் சூடு வேருக்கு ஏறாது, மழையில் வடிகால் அடைபடாது.

தொண்டி

இலை மட்டும் மதமதன்னு வந்து கிழங்கு இறங்கலன்னா, பெரும்பாலும் செடி கலைக்காம விட்டதுதான். பத்தாம் நாள் குழிக்கு ஒண்ணை நிறுத்திட்டு மத்ததைக் கத்தரியால வெட்டுங்க. பிடுங்கினா பக்கத்து வேர் அசையும். வெட்டின கீரை கூட்டுக்கு ஆகும்.

ஏர்வாடி

லாத்தாமார் (அக்காமார்) கீரைக்காக இலை ஒடிக்கும்போது பார்த்து ஒடிக்கணும், செடிக்கு ரெண்டு இலைக்கு மேல் வேண்டாம்.

இலையில் ஓட்டை விழுந்தால் காலையில் புரட்டிப் பாருங்கள். தொட்டதும் சுருண்டு கீழே விழும் கறுப்புப் புழு, ரம்ப ஈயின் புழு. கையால் பொறுக்கினாலே பாதி தீரும். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்த பின் தெளிக்கலாம்.

காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். சிவப்பு 25 முதல் 30 நாள், வெள்ளை 45 நாள். அதற்கு மேல் மண்ணில் விட்டால் உள்ளே சக்கை.

பறித்த பிறகு அதே மண்ணில் உடனே முள்ளங்கி போடாதீர்கள். கீரையோ கொத்தவரையோ போட்டுவிட்டு, ஐப்பசி மழைக்குப் பைகளைத் திறந்தவெளியில் வைத்துவிடுங்கள். வருஷம் முழுக்க ஏறிய உப்பு அடித்துளை வழியாக இறங்கிவிடும்.